தூக்குக்குண்டு கேட்ட கேள்வி

பல்கலைக்கழகத்தின் பெரிய அரங்கத்தில் யார் வந்து பேசினாலும், அவர்களுடைய மூச்சு முதலில் கேட்பது ஒருத்திக்குத்தான். பின்சுவரை ஒட்டி, ஆள் உயரத்துக்கு மேலே ஒரு கண்ணாடி அறை. அதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு இருபத்துமூன்று வருடமாக உட்கார்ந்திருந்தாள் அவள். எல்லோருக்கும் அவள் மைக் அக்கா. அவளைவிடப் பத்து வயது மூத்த பேராசிரியர்களுக்கும் மைக் அக்காதான். பதிவேட்டில் இருக்கும் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று சும்மா இருந்துவிடுவாள்.

புதன்கிழமைதோறும் மாலை ஐந்தரைக்குப் பொதுச் சொற்பொழிவு. யார் வேண்டுமானாலும் வரலாம். ஒரு வாரம் கிருமிகள், ஒரு வாரம் கடல் நீரோட்டம், ஒரு வாரம் பழங்கால எழுத்துகள். வேலையிலிருந்து ஓய்ந்தவர்கள், வீட்டுப் புழுக்கத்துக்குத் தப்பி வந்தவர்கள், நிஜமாகவே தெரிந்துகொள்ள வந்தவர்கள் என்று கூட்டம் சேரும். அவள் மேடையேறிக் காலர் மைக்கைக் குத்திவிடும்போது சிலருக்குக் கழுத்து நரம்பு துடிக்கும். உலகம் பூராவும் பேசிவிட்டு வந்தவர்கள்கூட வெளிறிப்போய்த் தண்ணீர் கேட்பார்கள். பேச்சு தொடங்குமுன் அவர்கள் தமக்குள் முணுமுணுத்ததெல்லாம் அவள் காதில் விழுந்திருக்கிறது. விழுந்ததை அவள் வெளியே விட்டதில்லை.

அவளுடைய கணவர் தூர ஊர்களுக்குச் சரக்கு லாரி ஓட்டுபவர். மாதத்தில் ஆறு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். வீட்டில் அவளும் மாமனாரும்தான். மாமனார் தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு புதன்கிழமைகூட விடமாட்டார். மூன்றாம் வரிசை, முதல் இருக்கை. பேச்சு முடிந்ததும் முதலில் தூக்கும் கை அவருடையதுதான். ‘ஒரு சின்ன சந்தேகம்’ என்று ஆரம்பித்தாரென்றால் நாலு நிமிடம் போகும், சந்தேகம் எங்கே என்று பேச்சாளர் தேடிக்கொண்டிருப்பார். மூன்றாவது நிமிடத்தில் கண்ணாடி அறைக்குள் மருமகள் அவருடைய மைக்கை மெல்லக் குறைத்துவிடுவாள். வீட்டுக்கு வந்ததும், இன்னிக்கும் மைக் சரியில்ல என்பார் அவர். பாக்கறேன் மாமா என்பாள் அவள். இப்படியே வருடங்கள் ஓடின.

தொற்றுக் காலத்தில் அரங்கத்தைப் பூட்டி எல்லாவற்றையும் வெபினாராக மாற்றினார்கள். திறந்த பிறகும் வெபினார் நிற்கவில்லை. அரங்கத்தில் முந்நூறு பேர், போனிலும் கணினியிலும் இன்னொரு முந்நூறு பேர். பின்சுவர்த் தூணில் துளைபோட்டு ஒரு காமிராவை அவளே நின்று முறுக்கி வைத்தாள். இணையத்தில் பார்ப்பவர்கள் எழுதும் கேள்விகள் அவளுடைய திரைக்கு வரும். உருப்படியானதை மட்டும் பொறுக்கி மேடையில் இருக்கும் ஒருங்கிணைப்பாளருக்கு அனுப்ப வேண்டும். ஒருங்கிணைப்பாளர் முப்பத்தைந்து வயது உதவிப் பேராசிரியை, எதற்கும் பதறுகிறவள், நல்ல மனசுக்காரி.

தேனீக்களைப் பற்றி ஒருவர் பேசிய அன்று அந்தக் கேள்வி முதன்முதலாக வந்தது. கேட்டவர் தன் பெயருக்குப் பதிலாகத் ‘தூக்குக்குண்டு’ என்று கொடுத்திருந்தார். கொத்தனார்கள் சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்க நூலில் கட்டித் தொங்கவிடுவார்களே, அந்தக் குண்டு.

‘மேடைக்கு மேலே குறுக்கே போகும் உத்தரத்துக்கும், அதன் கீழே இருக்கும் பல்கலைக்கழகப் பெயர்ப் பலகைக்கும் நடுவில் உள்ள வெள்ளை இடைவெளி குறைந்துகொண்டே வருகிறது. ஏன்?’

தேனீக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? அவள் அழித்துவிட்டாள்.

அதன் பிறகும் விட்டுவிட்டு வந்தது. எந்தப் பேச்சாக இருந்தாலும் அதே கேள்வி, சில சமயம் ஒரு வரி கூடுதலாக. ‘இன்று இன்னும் கொஞ்சம்.’ ‘நடுவில்தான் குறைகிறது, ஓரங்களில் இல்லை.’ வேலை மெனக்கெட்டு இப்படி எழுதுகிறவர்கள் எல்லா வெபினாரிலும் இருப்பார்கள். ஒருவர் எல்லாப் பேச்சாளரிடமும் தன் மூட்டுவலிக்கு மருந்து கேட்பார். இன்னொருவர் வணக்கம் மட்டும் நாற்பது தடவை போடுவார். அந்தக் கணக்கில் இவரையும் சேர்த்துவிட்டாள். ஐந்து மாதத்தில் பதினோரு தடவை அழித்தாள்.

பன்னிரண்டாவது தடவை, எரிச்சலில், தனிச்செய்தியாகப் பதில் போட்டாள். ஐயா, காமிரா நகர்ந்திருக்கும், தயவுசெய்து பேச்சைப் பற்றிக் கேளுங்கள். உடனே பதில் வந்தது. காமிரா நகர்ந்தால் முழுப் படமும் சேர்ந்து நகருமே, நடுப்பகுதி மட்டும் எப்படி நகரும்?

அன்று கூட்டம் கலைந்த பிறகு அவள் காமிராவைத் தொட்டுப் பார்த்தாள். தூணோடு தூணாக இருந்தது. திருகாணிகளின் மேல், பொருத்தியபோது அவள் பூசிய வண்ணம்கூட விரிசல் விடவில்லை.

மறுநாள் காலை பழைய பதிவுகளைத் திறந்தாள். நூற்றுநாற்பது சொற்பொழிவுகள். முதல் பதிவை நிறுத்தி, திரையின்மேல் அடிக்கோலை வைத்து அளந்தாள். வெள்ளை இடைவெளி இரண்டு ஓரத்திலும் பத்தொன்பது மில்லிமீட்டர், நடுவிலும் பத்தொன்பது. போன வாரப் பதிவை எடுத்தாள். ஓரங்களில் பத்தொன்பது. நடுவில் பதினான்கு.

அடிக்கோலை எடுத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தாள். பதினான்குதான்.

பிறகு, இதுவரை கண்ணில் பட்டும் மனதில் படாதவை ஒவ்வொன்றாக மேலே வந்தன. மேடையின் இடப்பக்கக் கதவு நிலையில் இடிக்கிறது என்று தச்சர் இந்த வருடமே இரண்டு தடவை வந்து இழைத்துவிட்டுப் போனது. புதன்கிழமை மதியம் மேடை மேசையைத் துடைக்கும்போது துணியில் ஒட்டும் வெள்ளைப் பொடி. அதைத் தூசி என்றுதான் நினைத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். யாரும் இல்லாத நேரத்தில் ஹெட்போனில் சில தடவை கேட்ட டக் என்ற ஒற்றைச் சத்தம். அதை மைக் வயரின் கோளாறு என்று நினைத்து இரண்டு வயரை மாற்றினாள்.

தூக்குக்குண்டிடம் எண்ணைக் கேட்டு வாங்கிக் கூப்பிட்டாள். படத்தோடு வந்த அழைப்பில், தலையணை உயர்த்திய கட்டிலில் அறுபது வயது மனிதர் தெரிந்தார். போனைப் பிடித்திருந்தது அவருடைய மனைவியின் கை. முப்பத்தெட்டு வருடம் கொத்தனாராக இருந்தவர், சாரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் ஏழு வருடமாகப் படுத்திருக்கிறார். படிக்காத படிப்பையெல்லாம் இப்போது படுத்துக்கொண்டே கேட்கிறேன் என்று சிரித்தார். பேசுகிறவரைப் பார்க்கத்தான் நினைப்பாராம். கண் பழக்க தோஷத்தில் பின்னால் இருக்கும் சுவருக்குப் போய்விடுமாம்.

“அந்த மேடைக்கு மேல என்ன இருக்கும்மா?” என்று கேட்டார்.

முன்பு ஒன்றும் இல்லை, ஒரு வெற்று அறை என்றாள். சொல்லும்போதே அவளுக்கு நினைவு வந்தது. வெபினாருக்கென்று புது ஒளிப்பதிவு அறை வேண்டும் என்று, நூலகத்தின் கீழ்த்தளக் கிடங்கைக் காலி செய்தார்கள். அங்கே இருந்த பழைய ஆய்விதழ்கள், கட்டுக்கட்டாக, இரண்டு நாள் முழுக்கத் தள்ளுவண்டியில் போயின. எல்லாம் அந்த மேல் அறைக்குத்தான்.

“காகிதம் கல்லு மாதிரி கனம்மா. அந்த அறைய வெறுமனே விடறதுக்குன்னு கட்டியிருப்பாங்க. அதுல யாரு கேட்டு ஏத்தினாங்க?” என்றார் அவர்.

யாரும் யாரையும் கேட்டிருக்க மாட்டார்கள் என்பது இருவருக்குமே தெரிந்தது.

கட்டடப் பராமரிப்புப் பொறியாளருக்கு எழுதினாள். அவர் வந்தார். ஒல்லியான, அதிகம் பேசாத மனிதர். சுத்தியல் பிடியால் இங்கும் அங்கும் தட்டினார். பூச்சு வெடிப்புதான், உள்ளே ஒன்றும் இல்லை என்றார். ஆனால் வாசலுக்குப் போகும்வரை இரண்டு தடவை நின்று, தலையைத் திருப்பி மேலே பார்த்துவிட்டுப் போனதை அவள் கவனித்தாள்.

அடுத்த வாரம் பதிவாளர் அவளைக் கூப்பிட்டார். கெட்டவர் இல்லை. இருபது வருடமாகத் தெரிந்தவர். உட்காரச் சொன்னார். மாமனார் சௌக்கியமா, போன வாரம்கூட நல்ல கேள்வி கேட்டாரே என்றார். அவள் போனில் எடுத்து வைத்திருந்த, அடிக்கோல் வைத்த படங்களைக் காட்டினாள். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார், மாட்டிக்கொண்டு பார்த்தார்.

“இது படத்தோட கோளாறும்மா. லென்ஸ் இப்படித்தான் வளைச்சுக் காட்டும்.”

“ஓரத்துல வளையல சார். நடுவுல மட்டும்தான்.”

“நீங்க சவுண்டு பாக்கறீங்க. கட்டடத்தப் பாக்க ஆள் இருக்காங்க, பாத்துட்டும் போயிட்டாங்க.” குரலை உயர்த்தாமலேயே சொன்னார். “இன்னும் மூணு வாரத்துல பொன்விழாச் சொற்பொழிவு. அறுநூறு பேர் வராங்க. இந்த நேரத்துல வாய்விட்டு இதப் பேசாதீங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

மறுநாள் காலை அவள் கணினியைத் திறந்தபோது நூற்றுநாற்பது பதிவுகளும் அங்கே இல்லை. ‘பராமரிப்பில் உள்ளது’ என்று ஒரு வரி மட்டும் இருந்தது. அடுத்த புதன்கிழமை தூக்குக்குண்டு என்ற பெயரில் யாரும் உள்ளே வர முடியாதபடி தடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது. அவள் தடுத்தாள். பத்து நிமிடத்தில் ‘ரசமட்டம்’ என்று ஒருவர் உள்ளே வந்தார். அதுவும் கொத்தனார் கருவிதான், மட்டம் பார்ப்பது; அவளுக்குச் சிரிப்பு வந்தது.

ரசமட்டம் அவளுக்கு ஒரு வேலை சொல்லிக்கொடுத்தார். மேடை விளக்குகளைத் தொங்கவிடும் இரும்பு நடைபாதைக்கு ஏறினால் உத்தரத்தின் பக்கவாட்டைக் கிட்டே பார்க்கலாம். விரிசல் இருந்தால், அதற்குக் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடிச் சில்லை வைத்து, இரண்டு முனையையும் சிமெண்ட் வைத்து ஒட்ட வேண்டும். “கண்ணாடி வளையாது, இழுபடாது. விரிசல் மயிரிழை நகர்ந்தாலும் உடையும். உடையலன்னா நான் பைத்தியக்காரன்னு வச்சுக்கோங்க” என்றார்.

விரிசல் இருந்தது. அவளுடைய சுண்டுவிரல் நகம் உள்ளே போனது. வெள்ளிக்கிழமை மதியம் சில்லை ஒட்டினாள். திங்கட்கிழமை ஏறிப் பார்த்தாள், முழுசாக இருந்தது. ஒரு கணம் அவளுக்குக் கோபம்கூட வந்தது, வீணாக நம்மைப் பயமுறுத்திவிட்டாரே என்று. திங்கள் மாலை மழை பிடித்தது. செவ்வாய் முழுக்கப் பெய்தது. மேல் அறைக் கூரை ஒழுகுகிறது, புத்தகக் கட்டுகள் நனைகின்றன என்று துப்புரவுப் பணியாளர் ஒருத்தி போகிற போக்கில் சொன்னாள்.

புதன்கிழமை, பொன்விழா நாள். மதியம் பன்னிரண்டரைக்கு அவள் மறுபடி ஏறினாள். சில்லு இரண்டாகப் பிளந்திருந்தது. பிளவுக்கு நடுவே இடைவெளி தெரிந்தது.

போனில் படம் எடுத்துக்கொண்டு இறங்கினாள். பதிவாளரின் போன் அணைந்திருந்தது. விருந்தினரை அழைத்துவரப் போயிருக்கிறார் என்றார்கள். பொறியாளரை வாசலில் பிடித்தாள். ஈரத்துக்கு மிதியடி விரிப்பதை மேற்பார்வை செய்துகொண்டிருந்தார். உடைந்த சில்லின் படத்தைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. நான் சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டியவரிடம் சொல்லிவிட்டேன் என்று மட்டும் சொல்லி, அவள் கண்ணைப் பார்க்காமல் விரிப்பை நேராக்கினார். ஒருங்கிணைப்பாளர் அழுதேவிடுவாள் போல இருந்தாள். இப்ப போய் எப்படிக்கா நிறுத்தறது என்றாள்.

ஐந்து மணிக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். குடைகளை மடக்கி உதறிக்கொண்டு, வணக்கம் சொல்லிக்கொண்டு. ஐந்தேகாலுக்கு அரங்கம் நிரம்பியது. கண்ணாடி அறையிலிருந்து அவள் தலைகளைப் பார்த்தாள். முதல் நான்கு வரிசை மேடையை ஒட்டி, உத்தரம் சரிந்தால் எட்டும் தூரத்தில். மூன்றாம் வரிசை முதல் இருக்கையில் மாமனார், சலவைச் சட்டையும் நோட்டுமாக. காலையிலேயே அவரிடம் வரவேண்டாம் என்று சொல்லிப் பார்த்தாள். நட்சத்திரங்களைப் பற்றிப் பேச்சு, அதுக்கு வராம வேற எதுக்கு வரது என்று சொல்லிவிட்டார்.

ஹெட்போனில் டக் என்றது. கொஞ்சம் பொறுத்து மறுபடி.

இருபத்துமூன்று வருடத்தில் அந்த அரங்கத்தில் அவளுடைய குரல் ‘ஒன்று, இரண்டு, மைக் சோதனை’ தவிர வேறெதையும் சொன்னதில்லை. அதுவும் ஆள் வருமுன். அவள் தன் மேசை மைக்கின் பொத்தானை மேலே தள்ளினாள்.

“எல்லாருக்கும் வணக்கம். நான் பின்னாடி கண்ணாடி அறையிலேருந்து பேசறேன். மேடைக்கு மேல இருக்கற உத்தரத்துல விரிசல் பெருசாயிட்டே போகுது. பயப்படாதீங்க, ஓடாதீங்க. முன்வரிசைல இருக்கறவங்க முதல்ல எழுந்து பின்வாசல் வழியா மெதுவா வெளிய போங்க. பேச்சு நிக்காது. போன்ல லிங்க் வரும், அதுல பாருங்க.”

யாரும் அசையவில்லை. அறுநூறு முகங்கள் திரும்பிக் கண்ணாடி அறையைப் பார்த்தன. யாரோ சிரித்தார்கள். இதுவும் விழா நிகழ்ச்சியில் ஒன்று என்று நினைத்தார்களோ என்னவோ. அவளுக்குத் தொண்டை வறண்டது. இத்தனை பேர் தண்ணீர் கேட்டது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது.

மூன்றாம் வரிசையில் மாமனார் எழுந்தார். நோட்டை மூடி அக்குளில் இடுக்கிக்கொண்டார். மேலே நிமிர்ந்து பார்த்தார். பக்கத்தில் இருந்தவரிடம் அவர் சொன்னது, கேள்வி கேட்க அங்கே வைத்திருந்த மைக்கில் விழுந்து அரங்கம் முழுக்கக் கேட்டது.

“அது எம் மருமக. தேவையில்லாம ஒரு வார்த்த பேச மாட்டா. எழுந்திரிங்க.”

அவர் நடக்க, பக்கத்துக்காரர் எழுந்தார். பிறகு அந்த வரிசை. பிறகு அடுத்தது. பன்னிரண்டு நிமிடத்தில் அரங்கம் காலியானது. விருந்தினர் புது ஒளிப்பதிவு அறையில் உட்கார்ந்து பேசினார். தாழ்வாரங்களிலும், மரத்தடியில் குடை பிடித்தும் ஜனங்கள் நின்று போனில் கேட்டார்கள். ஒரே குரல் நூற்றுக்கணக்கான போன்களில் ஒன்றுக்கொன்று அரை நொடி பின்தங்கி, வளாகம் முழுக்க எதிரொலி போல் கேட்டது.

உத்தரம் விழவில்லை.

மறுநாள் பத்து மணிக்கு அவள் கையில் பணியிடை நீக்க உத்தரவு. பொதுமக்களிடையே காரணமின்றி அச்சம் விளைவித்ததாக எழுதியிருந்தது. வளாகத்துக்குள் வரக்கூடாது என்றும் இருந்தது. ஒரு வாரத்தில் யாரிடமோ பாதுகாப்புச் சான்றிதழ் வாங்கினார்கள். அடுத்த புதன்கிழமை ஒப்பந்த நிறுவனத்து ஆள் ஒருவர் கண்ணாடி அறையில் உட்கார, அரங்கத்தில் பேச்சு நடந்தது. ஒன்றும் ஆகவில்லை. அதற்கடுத்த புதனும் ஒன்றும் ஆகவில்லை.

கடைத்தெருவில் அவளைப் பார்த்தவர்கள், என்னம்மா இன்னும் விழலையா என்று கேட்டார்கள். கேலிதான், விஷம் இல்லை. ஆனாலும் சுருக்கென்றது. மாமனார் அந்த இரண்டு வாரமும் அரங்கத்துக்குப் போகவில்லை. அதைப் பற்றி வீட்டில் பேசவும் இல்லை. கணவர் ஏதோ எல்லைச் சோதனைச் சாவடியிலிருந்து கூப்பிட்டு, வேலை போனா போகுது, நீ சாப்பிட்டியா என்றார். ஒரு நாள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள், அது விழட்டும், விழுந்து தொலையட்டும் என்று நினைத்துவிட்டாள். நினைத்த மறுகணம் குழாயை மூடிவிட்டு, ஈரக்கையோடு தரையில் உட்கார்ந்தாள். யார் தலையில் விழ வேண்டும் என்று நினைத்தேன் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள்.

இரண்டாவது புதனுக்குப் பிறகு வந்த வெள்ளிக்கிழமை, காலை பதினொன்று. போன் அடித்தது. கொத்தனார்.

ஒப்பந்த ஆள் புதன்கிழமை வெபினாரை முடிக்காமலே போய்விட்டாராம். காமிராவும் மைக்கும் ஓடிக்கொண்டே இருந்திருக்கின்றன. இரண்டு நாளாக அந்த வெற்று மேடையை உலகத்திலேயே ஒரே ஒருவர் கட்டிலில் படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“போயிடுச்சும்மா. மேடை மேல மொத்தமா இறங்கிடுச்சு” என்றார். மூச்சு வாங்கியது. “உள்ள ஒரு ஆள் இருக்கார். ஒல்லியா, ஏணி தூக்கிட்டு வந்தார். உத்தரத்துப் பக்கம் ஏறி எதையோ பாத்துட்டு இருந்தார். இறங்கி, இடப்பக்கக் கதவுகிட்ட வரும்போது…” மனைவி போனை வாங்கிக்கொண்டு, படம் வெள்ளையாக இருக்கிறது, ஆனால் ஏதோ சத்தம் வருகிறது என்றாள்.

மைக் அக்கா செருப்பைப் போட்டாளா என்றுகூட நினைவில்லை. அதே வெபினாரைப் போனில் திறந்து, ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு ஓடினாள். திரையில் தூசி மட்டும். காதில் முதலில் சரசரவென்று பொடி உதிரும் ஓசை. எங்கோ தண்ணீர் சொட்டும் ஓசை. அதற்கு அடியில், மிக மெல்ல, இரும்பில் இரும்பு. மூன்று தட்டு. நிறுத்தம். மறுபடி மூன்று.

வாயிலில் காவலர் அவளை மறித்தார். உள்ளே தூசி மண்டலம் எழும்பியிருந்தது. தீயணைப்பு வண்டிக்குச் சொல்லியாயிற்று, வந்துகொண்டிருக்கிறது என்றார். உங்களை உள்ளே விடக்கூடாதென்று உத்தரவு என்றும் சங்கடத்தோடு சொன்னார்.

“நல்லவேள, உள்ள யாரும் இல்லக்கா. கூட்டம் புதன்கிழமதானே. கையெழுத்துப் போட்டு யாரும் போகல.”

அவள் ஹெட்போனைக் கழற்றி அவர் காதில் மாட்டினாள். அவர் முகம் முதலில் ஒன்றும் புரியாமல் இருந்தது. பிறகு அவருடைய கை தானாகக் கதவுத் தாழ்ப்பாளுக்குப் போனது.

தீயணைப்புக்காரர்கள் வந்தபோது அவள் எங்கே தோண்டுவது என்று சொன்னாள். கொத்தனார் திரையில் பார்த்துச் சொன்ன இடம்: பெயர்ப் பலகைக்கு இடப்பக்கம், கதவிலிருந்து இரண்டு அடி உள்ளே. ஈரமான ஆய்விதழ்க் கட்டுகள் நூற்றுக்கணக்கில் சரிந்து கிடந்தன. ஒவ்வொன்றையும் இருவர் சேர்ந்து தூக்க வேண்டியிருந்தது. அவள் ஓரமாகத் தரையில் உட்கார்ந்து, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே இருந்தாள். தட்டு நிற்கும்போதெல்லாம் கையை உயர்த்துவாள், எல்லோரும் அசையாமல் நிற்பார்கள். மறுபடி கேட்டதும் தலையசைப்பாள். மூன்று மணிக்கு மேல் தட்டு மூன்றிலிருந்து இரண்டானது, பிறகு ஒன்று. நாலேகாலுக்கு அவரை வெளியே எடுத்தார்கள். பராமரிப்புப் பொறியாளர். உயிர் இருந்தது. இடது காலை முழங்காலுக்குக் கீழே காப்பாற்ற முடியவில்லை.

அவர் அங்கே எதற்குப் போனார் என்பது பிறகுதான் தெரிந்தது. அவள் ஒட்டிய சில்லுக்குப் பக்கத்தில் அவரே யாருக்கும் தெரியாமல் இன்னும் மூன்று ஒட்டியிருந்தார். தினமும் காலையில் ஏணி போட்டு ஏறிப் பார்த்துக்கொண்டிருந்தார். புதன்கிழமைக்குள் இரண்டு உடைந்திருந்தன. அதையும் மேலிடத்துக்குச் சொன்னாராம், எழுதித் தரவில்லையாம்.

அவளுடைய பணியிடை நீக்கம் மூன்று வரிக் கடிதத்தில் ரத்தானது. காரணம் எதுவும் எழுதப்படவில்லை. ஒருங்கிணைப்பாளர் வீடு தேடி வந்து, கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டுப் போனாள். மாமனார் அவளைக் கூட்டிக்கொண்டு கொத்தனாரைப் பார்க்கப் போனார். அவர் போனில் பார்த்ததைவிட மெலிந்திருந்தார். அன்றிலிருந்து தூக்கம் இல்லை என்று மனைவி வாசலில் வைத்துச் சொன்னாள். கண்ணை மூடினால் அந்த ஆள் ஏணியிலிருந்து இறங்குகிறாராம், கத்தினாலும் அவருக்குக் கேட்பதில்லையாம்.

விசாரணை அதிகாரி அவளை ஒரு காலைப்பொழுது முழுக்கக் கேட்டார். படங்களை வாங்கிக்கொண்டார். கொத்தனாரின் செய்திகளை அச்செடுத்து வைத்திருந்தார். அவருக்கு அவள் மேல் நல்ல மதிப்பு இருந்தது, குரலிலேயே தெரிந்தது. கடைசியாக ஒரு தேதியைச் சொல்லி, இதுபற்றி முதல் தகவல் உங்களுக்குக் கிடைத்தது இந்தத் தேதிதானே என்றார். அவள் கொத்தனாருக்குப் பதில் போட்ட நாள் அது.

“இல்ல சார்,” என்றாள். “அதுக்கு அஞ்சு மாசம் முன்னாடி. தேனீ பத்தின பேச்சன்னிக்கு.”

அவர் பேனாவை நிறுத்தினார். “அந்த அஞ்சு மாசம்?”

“வந்த கேள்விய அழிச்சிட்டேன். பதினோரு தடவ.”

அவர் காகிதத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். இதைப் பதிய வேண்டிய அவசியம் இல்லை, நீங்கள் விரும்பினால் விட்டுவிடலாம் என்றார். எழுதிக்கொள்ளுங்கள் என்றாள் அவள். எழுதி முடிக்கும்வரை காத்திருந்து, வாசித்துப் பார்த்து, கையெழுத்துப் போட்டாள்.

வெளியே தாழ்வாரத்து பெஞ்சில் பதிவாளர் உட்கார்ந்திருந்தார். அடுத்து அவருடைய முறை. மடியில் ஒரு கோப்பு. சட்டைக் காலர் கழுத்தைவிடப் பெரிதாகத் தெரிந்தது. அவளைக் கண்டதும் நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டார். அவள் உட்காரவில்லை. போகவும் இல்லை, ஒரு நிமிடம் நின்றாள்.

“வெளிய மழை விட்டுடுச்சாம்மா?” என்று கேட்டார்.

“விட்டுடுச்சு சார்.”

உள்ளே இருந்து அவருடைய பெயரைக் கூப்பிட்டார்கள். அவர் எழுந்துகொள்ளக் கொஞ்ச நேரம் பிடித்தது. கதவு சாத்திய பிறகு அவள் மாடிப்படியில் இறங்கினாள்.